ஸ்கேன் படத்துக்குச் சாணை பிடிக்கலாமா?

களியக்காவிளைப் பக்கம் ஸ்கேன் சென்டரில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர் சரிவில் வழுக்கி மணிக்கட்டை ஊன்றி விழுந்திருப்பார். பேரன் எக்ஸ்ரே ஃபிலிமைப் போனில் பிடித்து, திருவனந்தபுரத்து டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருப்பான். "தெளிவா இல்லன்னு சொல்றாங்க சாரே, கொஞ்சம் கூர்மையாக்கித் தருவீங்களா?"

கூர்மையாக்கப் பல வழி உண்டு. முதலில் அன்ஷார்ப் மாஸ்க். 1930-களின் இருட்டறை வித்தை இது. படத்தை மங்கலாக்கி, அதை மூலத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஓரம். அதைப் பெருக்கி மூலத்தோடு சேர்த்தால் எலும்புக் கோடு எழுந்து நிற்கும். நொடியில் முடிகிற வேலை. ஆனால் வெள்ளையை ஒட்டிய பகுதி தேவைக்கு மேல் கறுத்துவிடும். செயற்கை இடுப்பு மூட்டின் எக்ஸ்ரேயில் உலோகத்தைச் சுற்றி ஒரு கரும்பட்டை விழும். மூட்டு ஆட்டம் கண்டுவிட்டது போலவே இருக்கும். ஊபர்ஷ்விங்கர் என்று அதற்கு ஜெர்மன் பெயரே உண்டு. தீட்டாத படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரையும் பயமுறுத்தக் கூடாது.

லாப்லாசியன் என்ற ஓரம் தேடும் கணக்கு இன்னும் முரடு. இரைச்சல் புள்ளிகளையும், அதாவது படத்தில் தானாக விழும் பொடிப்புள்ளிகளையும், ஓரமென்றே எடுத்துக்கொள்ளும். அல்ட்ராசவுண்டில் போட்டால் உப்பைக் கொட்டிய மாதிரிதான்.

பெரோனா, மாலிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் சொன்ன முறை வேறு குணம். வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் வரப்பில் நிற்பதுபோல, ஓரத்தில் நின்றுகொண்டு மற்ற இடத்தின் இரைச்சலை மட்டும் சமன்செய்யும். பித்தப்பைச் சுவர் பார்க்க எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் எது வரப்பு என்ற அளவை நாம்தான் வைக்க வேண்டும். அதைக் கூட்டிவிட்டால் மெல்லிய விரிசலும் கரைந்துபோகும்.

சி.டி. ஸ்கேன் என்றால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். மெஷினில் மூலத் தரவு அழியுமுன் எலும்புக் கெர்னலில், அதாவது ஓரத்தைத் தூக்கிக் காட்டும் கணக்கில், படத்தை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். இரைச்சல் கூடும், கூடட்டும், எலும்பு உள்ளபடி தெரியும். சிறுநீரகக் கல்லின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை மட்டும், ஓரத்தைத் தூக்காத மென்கெர்னல் படத்தில் அளக்க வேண்டும்.

ஏ.ஐ. கூர்மையாக்கம் இல்லாத ஓரத்தையும் அழகாக வரைந்துவிடக்கூடும். எலும்பு முறிவுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

பேரனுக்கு நான் எதையும் தீட்டித் தரவில்லை. மெஷின் ஃபைலில் 12 பிட், அதாவது 4096 சாம்பல் படிகள். அவன் அனுப்பிய போன் படத்தில் 256. "ஃபோட்டோ வேண்டாம் மக்கா, மெஷினோட மூலப்படம், டைகாம் ஃபைலு, அதைப் பென்டிரைவில போட்டுத் தாரேன், கொண்டு போ" என்றேன்.