கட்டிடக்கலைத் தொழில்நுட்ப டிப்ளோமா தேடுகிறவர்கள் கவனம்: கொழும்பில் என் 185,000 ரூபா போன கதை

இப்போதுதான் காலி வீதியில் இருந்து வீட்டுக்கு வந்தேன். இன்னும் சாப்பிடவும் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறினால் நானும் "சரி, போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன். போனது 185,000 ரூபா. அம்மாவின் சீட்டுக் காசு.

காசு கட்டிய இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் லோயர் கடிதம் வரும் என்று மாமா பயப்படுகிறார். கடைக்கு மேல்மாடி, ஏசி போட்ட வரவேற்பறை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வீட்டு மொடல். அப்படியான ஒரு தனியார் கல்வி நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு, தமிழ் மொழிமூலம். கம்பஸுக்கு இசட் ஸ்கோர் போதவில்லை. வீட்டுப் பிளான் கீறுவதில் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். மருதானை டெக்குக்கு, அதாவது அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போடலாம் என்று பார்த்தால் விண்ணப்பத் திகதி முடிந்திருந்தது. அங்கே எந்தப் பாடத்தை எந்த மொழியில் நடத்துவார்களோ என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம்: கட்டிடக்கலைத் தொழில்நுட்ப டிப்ளோமா, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 5ஆம் மட்டம், 18 மாதம், முழுவதும் தமிழில். கடைசி இரண்டு சொல்லில்தான் நான் விழுந்தேன்.

பெப்ரவரி முதல் கிழமை அம்மாவும் நானும் கொட்டாஞ்சேனையில் இருந்து போனோம். ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் வந்தார். எங்கள் தமிழ்தான். அம்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைத்தார். கட்டணம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையில் ஒரு பெரிய பிளானை விரித்து, நான்கு மூலையிலும் பேனை, ஸ்டாப்லர், கப், தன் போன் என்று பாரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதில படிக்கட்டு எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்."

காட்டினேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கோடு கோடாக அடுக்கி நடுவில் அம்புக்குறி போட்டிருக்கும். அவர் கதிரையில் சாய்ந்து அம்மாவைப் பார்த்து, "உங்கட மகனுக்குக் கண் இருக்கு அம்மா. இது எல்லாருக்கும் வராது" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் சந்தோஷத்தில் அந்தப் பிளானைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் காசுக் கதை. முழுக் கட்டணம் 225,000. ஒரேயடியாகக் கட்டினால் 40,000 கழிவு, அதுவும் அந்தக் கிழமைக்குள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அரசாங்கப் பதிவுச் சான்றிதழைக் கையால் காட்டினார். படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை செய்தால் ஆர்கிடெக்ட் என்று போர்ட் போடலாம் என்றும் சொன்னார். நம்பினோம். இலங்கையில் ஆர்கிடெக்ட் என்று தொழில் செய்வதற்கு 1976ஆம் ஆண்டின் சட்டமும் 1996ஆம் ஆண்டின் திருத்தமும் இருக்கின்றன, அதற்கான சபையில் பதிய வேண்டும், டிப்ளோமாக்காரன் படவரைஞராகவோ தொழில்நுட்பவியலாளராகவோதான் வேலை செய்யலாம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது நல்ல வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் விற்றது வேறு.

அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். 20 பேர் சேர்ந்த சீட்டு, மாதம் 10,000. ஒன்பதாவது மாதச் சீட்டைக் கழிவு போக எடுத்தார். அப்படியே 185,000 ரூபாவையும் கட்டினோம். நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல. "பாங்க்கில ஒரு சின்னப் பிரச்சினை, என்ட கணக்குக்குப் போடுங்க தம்பி" என்றார் ஒருங்கிணைப்பாளர். போட்டேன். பற்றுச்சீட்டு என்று ஒரு துண்டு தந்தார்கள், சீலும் இல்லை.

சனிக்கிழமை வகுப்பு. புறக்கோட்டையில் ட்ரோயிங் போர்டும் டீ-ஸ்குவயாரும் வாங்கினேன். 100 பஸ்ஸில் அதைக் கொண்டுபோய் ஆட்களின் காதில் இடித்து வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. முதல் நாளே "அது தேவையில்லை, எல்லாம் கம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டார்கள். 22 பேருக்கு ஆறு கம்பியூட்டர். ஆறு கிழமையும் ஓட்டோகேட் என்ற பிளான் கீறும் மென்பொருளில் கோடு போடு, கோட்டை வெட்டு, பக்கத்தில் இன்னொரு கோடு போடு. அத்திவாரம் எப்படி நிற்கிறது, ஈரம் சுவரில் ஏறாமல் எதைப் போடுகிறோம், ஒரு வீட்டுக்கு எத்தனை சீமெந்து மூடை, நகரசபைக்குக் கொடுக்கும் பிளானில் என்னென்ன காட்ட வேண்டும், ஒன்றும் இல்லை. வெட்டுமுகம், அதாவது கட்டிடத்தை நடுவே வெட்டிப் பார்த்தால் தெரிவதைக் கீறும் படம், அந்தச் சொல்லே அந்த அறைக்குள் வரவில்லை. தமிழில் என்றார்களே, வந்த சேர் சிங்களத்தில் படிப்பித்தார். நல்ல மனுஷன், அவர் மேல் கோபம் இல்லை. ஏழாவது கிழமை அவரும் வரவில்லை. சம்பளம் கொடுக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே அலுப்பாக இருக்கிறது. "புது சேர் வாற கிழமை வாறார்." வரவில்லை. "சூமில வைப்பம்." இரண்டு நாள் வைத்தார்கள், சத்தம் கேட்கவில்லை. காசைத் திருப்பித் தாருங்கள் என்றதும் குரல் மாறியது. "கணக்குப் பார்க்கிற மிஸ் லீவு." "டிரெக்டர் சேர் மீட்டிங்கில." வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. ஒரு நாள் வரவேற்பில் இருந்த பிள்ளை பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது. பின்பக்கம் எறும்பு மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி, எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று. 185,000 ரூபாவை விழுங்கிய வரி அது. அதற்கும் மேலே ஒருங்கிணைப்பாளர், "நீங்க ஏன் தம்பி அவசரப்படுறீங்க, அடுத்த பேட்ச்சோட சேர்த்து விடுறன்" என்று கேட்டார். 185,000 கட்டியவன் அவசரப்படாமல் என்ன செய்வது?

போன கிழமை நாரஹேன்பிட்டிக்குப் போனேன். எல்விட்டிகல மாவத்தையில் நிபுணதா பியச என்ற கட்டிடம், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அங்கேதான் இருக்கிறது. அங்கே இருந்தவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நிறுவனம் பதிந்திருப்பது வேறு, பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. சுவரில் தொங்கிய சான்றிதழ் பொய்யில்லை, நிறுவனம் பதிவில் இருக்கிறது. ஆனால் தரச்சான்று இருப்பது வேறு ஒரு பாடநெறிக்கு. நான் சேர்ந்த டிப்ளோமாவுக்கு இல்லை. தரச்சான்று இல்லாத பாடநெறிக்கு என்.வி.கியூ. 5 எங்கிருந்து வரும்? அவர்கள் தாங்களே அச்சடித்து ஒரு தாளைத் தரலாம், அவ்வளவுதான்.

மாமா தெகிவளையில் ஒரு ஒபிசில் ட்ராஃப்ட்ஸ்மனாக இருக்கிறார். நேற்றிரவு, முதல் நாள் நான் எடுத்த அந்தப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "படியை எண்ணு" என்றார். தரையில் இருந்து மேல்மாடித் தரைக்கு 10 அடி என்று அதிலேயே எழுதியிருந்தது. எண்ணினேன். 11 படி. 120 அங்குலத்தை 11ஆல் பிரித்தால் ஒரு படி கிட்டத்தட்ட 11 அங்குல உயரம். வீட்டுப் படி ஏழு அங்குலம் அளவில் இருந்தால்தான் ஆள் சுகமாக ஏறலாம், அப்படிப் பார்த்தால் 17 வேண்டும். "இந்த வீட்டில உன்ட அம்மா ஏறமாட்டா" என்றார் மாமா. மூன்று மாதமாக அந்தப் படம் என் போனில் இருந்தது. கண் இருக்கிற மகன்.

இன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை கேட்போம் என்று போனேன். வரவேற்பில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். முன்னால் அதே ஒருங்கிணைப்பாளர், மேசையில் அதே பிளான். மூலையில் அதே ஸ்டாப்லர். "தங்கச்சி, இதில படிக்கட்டு எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்." அந்தப் பிள்ளை விரலை வைத்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கும்படி நிற்க முடியாமல் கீழே இறங்கிவிட்டேன். அந்தத் தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதுதான் மண்டையைக் குடைந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் யாராவது இதைப் பார்த்தால் நல்லது.

எப்படிச் சேர்வது, எங்கே சேர்வது என்று விபரமாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது முடியவில்லை. சுருக்கமாக: ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள், பாடநெறியின் பெயரும் மட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், கழிவு எவ்வளவு என்றாலும். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். டெக் விண்ணப்பம் வரும்வரை பொறுத்திருக்க முடிந்தால் பொறுத்திருங்கள்.

1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறையிடப் போகிறேன். திங்கட்கிழமை திரும்பவும் நாரஹேன்பிட்டி. 185,000 வருமா என்று தெரியாது. சீட்டு முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அம்மா ஒவ்வொரு மாதமும் 10,000 கட்டத்தான் வேண்டும்.