சென்னைக் குழாய்க்கு வரும் கடல்நீர்: ஒரு மதிப்பீடு

கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கும் ஆலைகள், மழையை நம்பாத வரத்து. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் கைகொடுத்தன. மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) ஆலைகளின் திறன் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர்; 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி சேர்ந்தது. பேரூரில் திட்டமிட்ட ஆலையின் திறன் 40 கோடி.

ஏரிகளின் கொள்ளளவு சுமார் 11.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி சுமார் 2,830 கோடி லிட்டர்). நாளுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால், ஆவியாவதைக் கழிக்காமலே 11 மாதம்தான். ஒரு பருவமழை பொய்த்தால் போச்சு.

தண்ணீரின் தரத்துக்குக் குறையில்லை. உப்பு குறைவு, பருப்பு நன்றாக வேகும். ஆனால் மின்செலவு அதிகம். 100 லிட்டர் நன்னீருக்கு 220 லிட்டர்போலக் கடல்நீரை இழுத்து, மிச்ச உவர்நீரைக் கடலிலேயே விடவேண்டும். புயல் நாளில் கடல் கலங்கினால் முன்வடிகட்டி அடைத்து உற்பத்தி சரியும்.

என் கணக்கில் பலவீனம் ஆலையில் இல்லை, தெருக்குழாயில். விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் இறங்கியதும், கசியும் இணைப்பு வழியே சாக்கடை உள்ளே புகும். இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதில் சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) தேக்கலாம்: நால்வருள்ள வீட்டுக்கு, தலைக்கு 135 லிட்டர் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகமென்றால் 1,500 லிட்டர் சம்ப் போதும். தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவை வால்வு கட்டாயம்.

என் மதிப்பெண்: ஆலைக்கு ஐந்துக்கு நான்கு, குழாய்க்கு இரண்டு.