பழைய படங்களில் காதை வைத்து ஆள் அடையாளம்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

"இவர் அவர் இல்லை" என்று சொல்லக் காது நன்றாக உதவும். "இவரேதான்" என்று சத்தியம் பண்ண உதவாது. பாளையங்கோட்டையில் சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்து, யார் யாரென்று பேர் எழுதிக் கொடுப்பது என் நெடுநாள் வேலை. மங்கிய குரூப் போட்டோவில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே முகஜாடைதான் தெரியும். அதனால் காதைத்தான் முதலில் பெரிதாக்குவேன்.

பார்க்க வேண்டியது காதின் மேல்பாதி. விளிம்பு எப்படிச் சுருண்டு வருகிறது, உள்மடிப்பு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்ப்பேன். சிலருக்கு விளிம்பில் சின்னதாக ஒரு முண்டு இருக்கும், டார்வின் முண்டு என்பார்கள். அது சிக்கினால் எனக்கு அன்று தீபாவளி.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில், கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தா என்று ஒரு படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அவருடைய கல்யாணப் படத்தில் விளிம்பு தடித்துச் சுருண்டிருக்கிறது. மாலை போட்ட படத்திலோ அதே வலது காது, மேலே சுருளே இல்லாமல் தட்டையாக இருக்கிறது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அந்த வீட்டு அத்தை, "ஏலே, இது எங்க அய்யா இல்ல, அவுக கூட்டாளில்லா" என்றார். படத்தை இன்னும் இறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நம்ம பக்கம் பெரிய சிக்கல் ஆச்சிமார் காது. சின்ன வயதிலேயே காது வளர்த்து, தோள் வரை பாம்படம் தொங்கப் போட்டிருப்பார்கள். பிறகு அது பழசாகிப்போக, சோணையை, அதாவது காதின் கீழ்த் தொங்கலை, அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டவர்கள் நிறைய. இரண்டு படத்தையும் சோணையை வைத்து ஒப்பிட்டால் வேறு வேறு ஆள் என்றுதான் வரும். சரி, மேல்காதைப் பார்ப்போம் என்றால் அங்கே கொப்பு, முருகு என்ற மேல்காது நகைகள் மறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆண்களுக்கு வயசுதான் வில்லங்கம். இங்கிலாந்தில் 206 பேரின் காதை அளந்து 1995இல் ஒரு மருத்துவர் வெளியிட்ட கணக்குப்படி, காதின் நீளம் வருடத்துக்குச் சராசரியாக 0.22 மி.மீ. கூடுகிறது. 30 வயதுப் படத்துக்கும் 80 வயதுப் படத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஸ்கேலை வைத்து அளப்பதை அதனால்தான் விட்டுவிட்டேன்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரிண்ட்டுகளும் உண்டு. ஒருவருக்கே இரண்டு காதும் ஒன்றுபோல இருக்காது என்பதால், சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் காதுக்கு வருவேன். தலை கொஞ்சம் திரும்பினாலும் உள்மடிப்பின் நிழல் மாறிவிடும். ஒரே கோணத்தில் ரெண்டு படம் கிடைக்காவிட்டால் ஒப்பிடாமல் இருப்பதே மேல்.

போலீஸ் வேலையில் இது புதுசல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் பெர்த்தியோன் என்ற போலீஸ்காரர் குற்றவாளிகளின் வலது காதை அளந்து வைத்தார். அமெரிக்காவின் இயன்னரெல்லி என்ற போலீஸ்காரர் ஆயிரக்கணக்கான காதுகளைப் பார்த்து, ஒன்றுபோல ஒன்று இல்லை என்றார். இருக்கட்டும். எல்லாக் காதும் வேறு என்பது ஒன்று. கையிலிருக்கும் இரண்டு தடயமும் ஒரே காதுதான் என்பது வேறொன்று. இங்கிலாந்தில் மார்க் டல்லாகர் என்பவருக்கு, ஜன்னல் கண்ணாடியில் பதிந்த காது அச்சை முக்கிய சாட்சியமாக வைத்து 1998இல் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2002இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அச்சிலிருந்து எடுத்த டிஎன்ஏ அவருடையது இல்லை என்று தெரிந்து, 2004இல் வழக்கே கைவிடப்பட்டது. அச்சு போட்டோவை விட மோசம். காதை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதற்கு ஏற்ப அதன் உருவம் மாறும்.

இப்போதெல்லாம் படத்தின் பின்னால் பேர் எழுதும்போது, வீட்டார் சொன்னது என்றால் மையிலும், காதை மட்டும் வைத்து நான் யூகித்தது என்றால் பென்சிலில் கேள்விக்குறியோடும் எழுதுகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் சின்னப் படங்களை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்தால் விளிம்பு குழம்பிவிடுகிறது.