பெயிண்ட் அடித்த பழைய டர்போ: ஏமாந்த கதையும் எச்சரிக்கையும்

பழைய ராணுவ லாரி வைத்திருப்பவர்கள், டர்போவை (புகைவாயுவின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பெரிதாக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். எனக்குப் போனது பணம் மட்டுமல்ல. இன்ஜினே போயிருக்கும், பக்கத்தில் நின்றவருக்கு அடியும் பட்டிருக்கும்.

என்னிடம் இருப்பது எம்35ஏ2, அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி. உள்ளே எல்டிடி-465 இன்ஜின்: ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். டீசல், மண்ணெண்ணெய், ஆபத்துக்குப் பெட்ரோல் என்று எதை ஊற்றினாலும் ஓடும் மல்டிஃபியூயல் ரகம். கம்பெனியிலேயே ஒரு டர்போவோடுதான் வரும். ஆனால் அதை வைத்தது முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்கத்தான், சக்திக்காக இல்லை. டர்போ இல்லாத எல்டி-465க்கும் இதற்கும் குதிரைத்திறனில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுமையோடு மேடு ஏறும்போது திணறும். அந்தத் திணறல்தான் என்னை இந்த வம்பில் இழுத்துவிட்டது.

டர்போ ரீபில்ட் செய்து விற்கும் ஒருவரைப் பிடித்தேன். "இந்த இன்ஜினுக்கே செய்தது சார், கழற்றி மாட்டினால் போதும், புது பேரிங், புது சீல், பேலன்ஸ் எல்லாம் பார்த்தாச்சு" என்றார். பேலன்ஸ் ரிப்போர்ட் கேட்டேன். "பார்சலோடு வரும்" என்றார். வரவில்லை. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும் பொருள். பேலன்ஸ் தாள் இல்லாத டர்போவை வாங்கவே கூடாது.

பெட்டியைத் திறந்ததும் வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பில்தான் ஏமாந்தேன். காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீல் சுற்றும் கூடு, அதாவது கம்ப்ரஸர் ஹவுசிங், அதன் உள்பக்கத்தில்கூட பெயிண்ட். நல்ல வேலைக்காரர் யாரும் அங்கே பெயிண்ட் அடிக்க மாட்டார். பார்ட் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் போட்டுத் தேய்த்திருந்தது. கேட்டதற்கு, "பழைய துருவை எடுத்தோம்" என்று பதில்.

மாட்டும்போதே சிக்கல். ஆயில் திரும்பி இறங்கும் வாய் நேராகக் கீழே பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆயில் தன் எடையில்தான் சம்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிய வேண்டும். இதில் அது பாதிக்குப் பாதி பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. ஹவுசிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஷாஃப்ட்டும் பேரிங்கும் இருக்கும் நடுப்பகுதியைத் திருப்பி நேராக வைத்திருக்கலாம். விற்றவர், "ஒன்றும் ஆகாது, ஹோஸை வளைத்து மாட்டுங்க" என்றார். நம்பி மாட்டினேன். ஆயில் வடிய வழியில்லாமல் தேங்கினால், சீல் புதிதாக இருந்தாலும் அதைத் தாண்டித்தான் போகும்.

ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். இந்த இன்ஜினின் உச்சமே 2600 ஆர்பிஎம்தான். அந்த டர்போவின் டர்பைனோ (புகைவாயு சுழற்றும் வீல்) இதைவிடப் பெரிய இன்ஜினுக்கானது. கீழ் வேகத்தில் சுற்றவே சோம்பியது, காற்று போதாமல் கரும்புகை கொட்டியது. போன் செய்தேன். "பம்பில் டீசலைக் கூட்டுங்க சார், தானா எழும்பும்" என்றார். இதுதான் அவர் சொன்னதிலேயே ஆபத்தான வார்த்தை. காற்று வராத இடத்தில் டீசலை ஏற்றினால் சூடுதான் ஏறும். அவர் சொன்னபடி கூட்டியதில், டர்போவுக்கு முன்னால் வைத்த பைரோமீட்டர் (புகைவாயுவின் சூட்டைக் காட்டும் மீட்டர்) ஒரு சின்ன மேட்டிலேயே 700 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 650ஐத் தாண்டி நெடுநேரம் ஓட்டக்கூடாது என்பது பழைய டீசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. போதாததற்கு இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ஹெட். பூஸ்ட்டையும் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) சூட்டையும் இஷ்டத்துக்கு ஏற்றினால் முதலில் கேட்கும் புகார் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டிடமிருந்துதான்.

மூன்றாவது ஓட்டத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. ஓட்டி முடித்து ஐடிலில் விட்டிருந்தேன். நீலப்புகை வந்தது. ஆக்ஸிலரேட்டரில் காலே இல்லை, சத்தம் மட்டும் ஏறியது. இன்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் ஸ்டாப் நாபை இழுத்தேன். டீசல் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. டர்போ சீல் வழியாக ஒழுகிய ஆயிலையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மெக்கானிக், "அண்ணே, டாப் கியர் போட்டு பிரேக்கை மிதிச்சு கிளட்சை விடுங்க!" என்று கத்தினார். ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கில் ஏறி நின்று, கிளட்சை விட்டேன். லாரி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. இன்னும் சில விநாடிகள் போயிருந்தால் கனெக்டிங் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அவர் நின்றது சரியாக அந்தப் பக்கத்தில்.

கழற்றினோம். ஷாஃப்ட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் 'டக், டக்' என்றது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. கம்ப்ரஸர் வீலின் இதழ் நுனிகள் மழுங்கியிருந்தன. ஹவுசிங்கில் அவை உரசிய அரைவட்டக் கோடு. அந்தக் கோட்டின் பள்ளத்துக்குள்ளேயும் அதே வெள்ளிப் பெயிண்ட்! என்னிடம் வருவதற்கு முன்பே உரசியதன் மேல் அடித்த பெயிண்ட் அது.

படங்களை அனுப்பினேன். "ஆயில் போகாமல் ஓட்டியிருக்கீங்க, கேரண்டி இல்லை" என்று வந்தது பதில். ஆயில் பட்டினியில் போன ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாரித்திருக்கும். இதில் அந்த நிறமே இல்லை, மண் துகள் கீறிய வரிகள்தான் இருந்தன. அதையும் எழுதினேன். அதன்பிறகு போனை எடுப்பதே இல்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், மாட்டுவதற்கு முன்பே ஷாஃப்ட்டைத் தள்ளிப் பாருங்கள், உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், நம்பர் இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். மாட்டியபின் இன்ஜினைக் கிளப்புமுன் ஆயில் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றிவிடுங்கள். டீசலைக் கூட்டச் சொல்பவரிடம் எத்தனை டிகிரி வரை போகலாம் என்று கேளுங்கள். எண் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

என் லாரியில் இப்போது கம்பெனி டர்போவே திரும்ப ஏறியிருக்கிறது, நடுப்பகுதி மட்டும் புதிது. இண்டேக் குழாய்களைக் கழற்றி, தேங்கிய ஆயிலைத் துடைத்து எடுக்கவே இரண்டு நாள் ஆனது. பம்பையும் பழைய அளவுக்கே இறக்கிவிட்டோம். மேட்டில் மெதுவாகத்தான் ஏறுகிறது, பைரோமீட்டர் 600ஐத் தாண்டவில்லை.