புல் இனம் காண எந்தக் கைலென்ஸ்? அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்

பூச்செடி என்றால் இதழின் நிறமும் இலையின் வடிவமுமே பாதி வழி காட்டிவிடும். புல்லுக்கு அந்த வசதி இல்லை. அடையாளமெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளச் சிறுகதிரிலும் (புல்லின் பூக்கள் அடங்கிய சிறு அலகு), இலையுறையும் இலையும் சேரும் இடத்தில் இருக்கும் லிகியூலிலும் ஒளிந்திருக்கிறது. அதனால் புல் படிக்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல 10 எக்ஸ் (பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்) மடக்கு லென்ஸ்.

ஆன்லைனில் அதிகம் விற்பது ‘30 எக்ஸ் 21 மி.மீ.’, ‘40 எக்ஸ் 25 மி.மீ.’ என்று அச்சிட்ட, எல்.இ.டி. விளக்கு வைத்த மலிவு லென்ஸ். அந்த எண் பொய். 250ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். 40 எக்ஸுக்குக் குவியத் தூரம் 6 மி.மீ. சொச்சம்தான் இருக்க வேண்டும், 25 மி.மீ. அகலக் கண்ணாடியில் அது நடக்காது. வீட்டிலேயே சோதிக்கலாம். சில மீட்டர் தள்ளி எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தை லென்ஸ் வழியாக வெள்ளைத் தாளில் விழவைத்து, அது கூர்மையாகும்போது தாளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 25 மி.மீ. வந்தால் 10 எக்ஸ், 40 மி.மீ. வந்தால் வெறும் 6 எக்ஸ். வெயிலில் செய்தால் தாள் பொசுங்கிவிடும்.

மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த ‘ட்ரிப்லெட்’ கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் கசியும்; நுண்மயிரைப் பார்க்கும்போது அது பெரிய தொல்லை. கிராஃப் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்: ஓரம்வரை கோடு வளையாமல் தெரிந்தால் நல்ல சரக்கு. உண்மையான 20 எக்ஸ் வயல்வெளிக்கு உதவாது. பொருளை 12 மி.மீ. அருகில் வைக்க வேண்டும், தலை நிழல் விழும், லேசான காற்றில்கூடக் கதிர் பார்வையை விட்டு நழுவும். வகுப்பறை மேசையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிடிக்கும் முறைதான் பலருக்கும் தவறிப்போகிறது. லென்ஸைப் புல்லருகே பிடித்துக்கொண்டு தலையை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணை ஒட்டி, கட்டைவிரல் கன்னத்தில் படும்படி நிறுத்துங்கள். மறு கையால் புல்லை மெல்லக் கொண்டுவாருங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் நடுக்கம் அடங்கும். இரண்டு கண்களையும் திறந்தே வைத்தால் சீக்கிரம் களைப்பு வராது.

இப்படிப் பிடித்தால் என்னென்ன பிடிபடும்? அருகம்புல்லில் லிகியூல் வெறும் மயிர் வரிசை. நெல் நாற்றில் அது நீண்டு இரண்டாகப் பிளந்த சவ்வு. நாற்றோடு நாற்றாக நிற்கும் களையான குதிரைவாலிப்புல்லில் லிகியூலே கிடையாது. களை எடுக்கப் பழகுபவருக்கு இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. விரல் விரித்தாற்போல் கதிர் வைக்கும் புற்களில் குழப்பம் அதிகம். காக்காக்கால் புல்லில் ஒவ்வொரு கதிர்விரலின் நுனியிலும் சிறுகதிர் இல்லாத மொட்டை முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் போலவே தோன்றும் எலூசின் இண்டிகாவில் நுனிவரை சிறுகதிர் உண்டு. மயில்கொண்டைப் புல்லில் ஒரு சிறுகதிருக்கு மூன்று மீசைகளை எண்ணலாம். போத்ரியோகுளோவா பெர்டூசா என்ற புல்லில் காம்பில்லாச் சிறுகதிரின் கீழ்க் குளூமை (சிறுகதிரை அடியில் மூடும் செதில்) திருப்பிப் பாருங்கள்: குண்டூசியால் குத்தியது போல் ஒரு சிறு குழி இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தூசி மாதிரிதான் படும். நல்ல 10 எக்ஸில் குழியின் விளிம்புகூடத் தெளியும். லென்ஸ் வாங்கியதும் பரீட்சை வைக்க இதைவிட நல்ல புல் கிடையாது.

கோரையைப் புல்லிலிருந்து பிரித்தறிய லென்ஸ் வேண்டாம். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்பும் கையிலேயே தெரியும்.

வகுப்பறையில் லென்ஸோடு இரண்டு ஊசி, கூர்முனை இடுக்கி, 15 செ.மீ. ஸ்கேல், கறுப்பு அட்டை இருந்தால் போதும். வெளிறிய குளூமும் லெம்மாவும் (பூவை மூடும் வெளிச்செதில்) வெள்ளைத் தாளில் கரைந்துபோகும், கறுப்பில் எடுத்துக் காட்டும். காய்ந்த மாதிரியை அப்படியே பிரித்தால் நொறுங்கும். பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் சில நிமிடம் ஊறவிடுங்கள். பிரிப்பது எப்போதும் அடியிலிருந்து: முதலில் இரண்டு குளூம், பிறகு ஒவ்வொரு பூவுக்கும் ஒரு லெம்மா, அதற்குள் பேலியா என்ற உட்செதில். முற்றிய கதிரைத் தட்டும்போது குளூம் செடியிலேயே தங்குகிறதா, சிறுகதிர் முழுதாக உதிர்கிறதா என்பதை அதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய பிரிவுகள் அதிலேயே பிரிந்துவிடும். இளங்கதிரைப் பறித்து வந்தால் இது தெரியாது, உதிர்ந்து முடிந்ததைக் கொண்டுவந்தாலும் தெரியாது.

லென்ஸுக்குச் சிவப்புக் கயிறு கட்டுங்கள். புல்லில் விழுந்த எஃகு லென்ஸைத் தேடுவது பெரும்பாடு. துடைக்கும் முன் மணலை ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும். மழைக்காலத்தில் ஈரத்தோடு மடக்கி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும்.

லாடிக்யூலுக்கும் (பூவின் அடியில் இருக்கும் நுண்செதில்) தானியத்தின் தழும்புக்கும் 10 எக்ஸ் பற்றாது. அதற்குக் கல்லூரி ஆய்வகத்தின் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்தான். பெயரில் சந்தேகம் நீடித்தால் பதப்படுத்திய மாதிரியோடு ஒப்பிட வேண்டும். கோவையில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரச் சேகரிப்பு), திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் அதற்கான இடங்கள். வேரும் கணுவும் முற்றிய கதிரும் சேர்ந்த முழுச் செடியாக அழுத்தி எடுத்துச் செல்லுங்கள். கதிரை மட்டும் கிள்ளிக்கொண்டு போனால், பல பேரினங்களில் யாராலும் பெயர் சொல்ல முடியாது.