ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை: டி.பி. பெட்டிக்குள் ஒரு கிளாம்ப் மீட்டர்

மின் பயன்பாட்டுக் கணக்கைத் தானாகவே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டருக்காக மின் நிறுவனத்தையே மாற்றலாமா என்ற கேள்வி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாகக் குமரி மாவட்டத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் என் சித்தி மகள் தன் வீட்டுக்கு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்; "அண்ணா, நாகர்கோவில்ல நீங்க எப்போ மாத்தப் போறீங்க?" என்றும் கேட்டாள். அவளுக்கு ஒரு விடை, நமக்கு வேறொரு விடை. நம் விடையைத் தேடிப் போன வழியில் நான் வாங்கிப் பொருத்திய ஒரு சிறிய கருவியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அவளுக்கான விடை எளிது. பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டரைப் பொருத்துவது இப்போது மின்சாரம் தந்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே மீட்டருக்காக மட்டும் நிறுவனத்தை மாற்றத் தேவையில்லை. முதல் தலைமுறை மீட்டர்கள் பலவற்றில், நிறுவனத்தை மாற்றியவுடன் தானாகக் கணக்கு அனுப்பும் வசதி நின்றுபோய் அவை சாதாரண மீட்டர்களாகிவிட்டதுண்டு. இரண்டாம் தலைமுறை மீட்டர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு வலையமைப்பில் இயங்குவதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எனவே யூனிட் விலையையும், பயன்பாடு எவ்வளவானாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்தையும் ஒப்பிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடு, மீட்டரைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள் என்று அவளுக்குச் சொன்னேன்.

நம் நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விநியோக உரிமதாரர்கள் இருக்க இடம் தருகிறது. மும்பைப் புறநகரில் ஒரு குடும்பம் டாடா பவருக்கும் அதானிக்கும் இடையே மாறிக்கொள்ள முடிவது அதனால்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அப்படி ஒரு தேர்வு இல்லை. 2024இல் மாநில அரசின் மின் நிறுவனமான டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டபின் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறியதே தவிர, நமக்கு இ.பி. இன்னும் இ.பி.தான். பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து நேரடியாக வாங்குவதற்கு 2022ஆம் ஆண்டின் விதிகள் வைத்திருக்கும் வரம்பும் 100 கிலோவாட். 5 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் வீடு அந்தக் கதவருகே போகவே முடியாது. முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளும் கோதையாற்றில் புனல் மின் நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருந்தும், அவற்றிலிருந்து நேரடியாக ஒரு யூனிட் வாங்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஸ்மார்ட் மீட்டரும் நாம் கடையில் வாங்கிக்கொண்டுவந்து மாட்டும் பொருளன்று. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகப் பொருத்தினார்கள். மாநிலம் முழுவதற்குமான ஒப்பந்தப்புள்ளி 2024 இறுதியில் ரத்தானது. நம் தெருவுக்கு அது வரும்போது வரட்டும். அதுவரை, ஸ்மார்ட் மீட்டரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று பிரித்துப் பார்த்தால், கணக்கெடுக்க ஆள் வராமலிருப்பது அலுவலகத்துக்குத்தான் வசதி. நமக்குத் தேவை, இன்றுவரை எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, எது இழுக்கிறது என்ற இரண்டு தகவல்கள் மட்டுமே. இந்த இரண்டையும், ஒயரைச் சுற்றிக் கவ்வி அளந்து கைப்பேசிச் செயலியில் காட்டும் கிளாம்ப் வகை வைஃபை மின் கண்காணிப்பு மீட்டர் இன்றைக்கே தருகிறது. இணையக் கடையில் வாங்கியபோது மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே ஆனது.

இன்றுவரை எத்தனை யூனிட் என்பது நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கட்டண அமைப்பே காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். ஆனால் 500 என்ற கோட்டைத் தாண்டும்போது நடப்பது வெறும் படியேற்றம் அல்ல. 500க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை, கோட்டைத் தாண்டியவருக்கு முழுவதுமாகப் பறிபோகிறது. 2022 செப்டம்பரில் அறிவித்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். அதன்பின் விகிதங்கள் உயர்ந்தன. அமைப்பு அதே வார்ப்பில்தான் தொடர்ந்தது. கணக்கெடுப்பு சில நாட்கள் தள்ளிப்போனால்கூட, 480இல் நிற்க வேண்டிய வீடு 510க்குப் போய்விடும். ஐம்பதாம் நாளில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த வீட்டுக்கும் தெரியாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கருவி உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று. அதிலிருந்து நீளும் ஒயரின் முனையில் வாய் திறந்து மூடும் ஒரு வளையம். வளையத்தை வீட்டுக்கு வரும் ஃபேஸ் ஒயரைச் சுற்றி மாட்ட வேண்டும். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. இதை இ.பி. மீட்டரில் மாட்டக் கூடாது. அதன் முத்திரையைத் தொடுவதே குற்றம். மெயின் சுவிட்சுக்குப் பிறகு, வீட்டின் இணைப்புகள் பிரியும் நம் டி.பி. பெட்டிக்குள்தான் இதன் இடம். எங்கள் வீட்டில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் மெயினை அணைத்துவிட்டு, தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) ஒன்றின் வழியாகக் கருவிக்கு ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்து, அரை மணி நேரத்துக்குள் முடித்தார். நீங்களே செய்யும் வேலை அல்ல இது. மெயினுக்கு அருகிலுள்ள ஒயரில் விளையாட்டு வேண்டாம்.

பொருத்தியபின் கவனிக்க வேண்டியவை இரண்டு. வளையத்தின் மேலுள்ள அம்புக்குறி, மின்சாரம் வீட்டுக்குள் போகும் திசையைக் காட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் அளவு எதிர்க்குறியில் வரும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் விட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வீடே ஓடிக்கொண்டிருந்தாலும் திரையில் பூஜ்யம்தான் தெரியும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மிக மலிவான மாதிரிகள் சில, வளையத்தின் வழியாக மின்னோட்டத்தை மட்டும் அளந்து, மின்னழுத்தம் எப்போதும் 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டு பெருக்கிவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டிக்கு அது ஏறக்குறையச் சரியாக வரும். ஆனால் கிணற்று மோட்டார், பழைய ஃபிரிட்ஜ் போன்றவற்றில் மின்னோட்டமும் அழுத்தமும் ஒருசேர ஏறி இறங்காததால், இ.பி. மீட்டர் பதிவதைவிடக் கூடுதலாக இவை காட்டும். மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் பிழை இன்னும் கூடும். மின்னழுத்தத்தையும் தானே அளக்கும் மாதிரியைத்தான் வாங்க வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் திருகு முனைகள் இருப்பதோடு, மின்னோட்டமும் அழுத்தமும் எவ்வளவு ஒருசேர ஓடுகின்றன என்பதைச் சொல்லும் பவர் ஃபேக்டர் என்ற அளவையும் செயலியில் காட்டினால் அது அந்த வகைதான் என்று நம்பலாம்.

துல்லியத்தைச் சோதிக்க யாரிடமும் போக வேண்டியதில்லை. இ.பி. மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுங்கும் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டால், நிமிடத்துக்கு 53 முறைக்குப் பக்கத்தில் மினுங்க வேண்டும். அதே நிமிடத்தில் செயலி காட்டும் வாட் அளவையும் பார்த்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துவிடும். எங்கள் கருவி மிகச் சிறிய வேறுபாட்டோடு ஒத்துப்போனது. இரண்டு மாதக் கணக்கும் இ.பி. குறுஞ்செய்தியில் வந்த எண்ணுக்குச் சில யூனிட் இப்படி அப்படித்தான் இருந்தது. கட்டணத் தகராறில் இதைச் சான்றாகக் காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி செல்லுபடியாவது முத்திரையிட்ட மீட்டரின் அளவு மட்டுமே.

கருவியின் உண்மையான மதிப்பு எனக்கு விளங்கியது, குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்காகத் தக்கலைக்குப் போயிருந்த பகலில். வீடு பூட்டியிருக்கிறது, ஃபேன் இல்லை, விளக்கு இல்லை, ஆனாலும் கைப்பேசியில் கோடு 130 வாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஃபிரிட்ஜ் ஓடும்போது அது மேலே எழும், நின்றதும் அதே 130க்கு வந்துவிடும். மறுநாள் காலையில் டி.பி. பெட்டியைத் திறந்து எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் எண் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தேன். ஹாலுக்குப் போகும் இணைப்பை இறக்கியபோது செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர் எல்லாமுமாகக் கொஞ்சம் குறைந்தது. இன்வெர்ட்டருக்குப் போகும் எம்.சி.பி.யை இறக்கிய கணத்தில் 70 வாட் ஒரேயடியாக விழுந்தது.

பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும் நிலையில், மின்தடையே இல்லாத நாளில், இன்வெர்ட்டர் சும்மா நின்றுகொண்டு 70 வாட் தின்றுகொண்டிருந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: 70 வாட் என்றால் நாளொன்றுக்கு 1.68 யூனிட், அறுபது நாளில் நூறு யூனிட். அரசு இலவசமாகத் தரும் நூறு யூனிட்டும் அந்தப் பேட்டரிக்கே போய்க்கொண்டிருந்தது. பழைய லெட் ஆசிட் பேட்டரிகளில் ஒரு செல் பழுதானாலும் சார்ஜிங் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்ததற்கும் அதுவே காரணம். பேட்டரியை மாற்றியபின் அதே இணைப்பு இருபது வாட் அளவில் நிற்கிறது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போய், மாவட்டம் பல நாள் இருளில் கிடந்ததற்குப் பிறகு, எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு அரிது. அந்தப் பேட்டரிகளில் எத்தனை இப்படி ஓசையில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றனவோ என்பதுதான் இப்போது என் கவலை. உங்கள் வீட்டில் பேட்டரி நான்கைந்து வயதைத் தாண்டியிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள்.

குறைகளும் உண்டு. கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணைகிறது. பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவரைத் தாண்டி வராந்தாவிலுள்ள டி.பி. பெட்டிவரை சிக்னல் போகாது, அங்கே இன்னொரு ரவுட்டர் வேண்டியிருக்கும். தகவல்கள் நம் கைப்பேசியில் அல்லாமல் வெளிநாட்டுச் சேவையகத்தில் சேர்கின்றன. வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால், செயலியின் கடவுச்சொல்லை எலக்ட்ரீஷியனோடுகூடப் பகிர வேண்டாம். நம் கட்டணப் படிகளைச் செயலியில் பதிய வழியில்லை. ஒரே யூனிட் விலையைத்தான் ஏற்கிறது, ஆகவே அது காட்டும் ரூபாய்க் கணக்கை ஒதுக்கிவிட்டு யூனிட்டை மட்டும் பார்க்க வேண்டும். தமிழ் இடைமுகம் இல்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று திருகு முனைகளை அரித்துவிடும். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு மூன்று வளையங்கள் உள்ள மாதிரி வேண்டும்; விலையும் அதற்கேற்பக் கூடும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், இரண்டு மாதத்தில் 400 முதல் 700 யூனிட் வரை ஓடும் வீடுகள் தயங்காமல் வாங்கலாம் என்பேன். 500 கோட்டின் இருபுறமும் ஊசலாடும் அந்த வீடுகளில் கருவியின் விலை விரைவில் திரும்பிவிடக்கூடும். 300க்குள் முடியும் வீட்டுக்கு இது தேவையே இல்லை. மாதத்தில் இரண்டு முறை மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே போதும். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் இது வீணாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2023இல் மத்திய அரசு திருத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீட்டுக்கு, வெயில் நேரத்தில் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் நேரவாரிக் கட்டணத்தை வகுக்கின்றன. தமிழ்நாட்டில் அது எந்த வடிவில் வரும் என்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இருக்கிறது. எப்படி வந்தாலும், கிணற்று மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் எந்த மணிக்கு ஓட்டுகிறோம் என்பதை இப்போதே அறிந்த வீட்டுக்கு அந்த மாற்றம் சுமையாக இராது.

ஆயிரம் யூனிட்டை நெருங்கும் வீடுகளுக்கு இந்தக் கருவி ஒரு முன்வேலை மட்டுமே. அவர்கள் யோசிக்க வேண்டியது கூரைச் சூரியமின்சாரம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் தரும். ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஜூனிலும் குறையும், அக்டோபர், நவம்பரிலும் குறையும், தென்னை நிழல் விழும் கூரையில் இன்னும் குறையும். விற்பனையாளர் எழுதித் தரும் ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உங்கள் வீட்டின் பகல் பயன்பாட்டை இந்தக் கருவியில் பதிவுசெய்து, அந்த எண்ணை அவர்முன் வைத்து, 2 கிலோவாட் போதுமா 3 வேண்டுமா என்று கேளுங்கள்.