கிரீஸ் வைத்து மறைத்த கிராங்க்: பழைய மூணு சக்கர வண்டி எஞ்சின் பிரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மூணு சக்கர வண்டி ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை நாமே பிரித்துக் கட்டலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கிராங்கையும் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சிலிண்டரையும் வெளியே வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடைப் புதிதாகப் போட்டதாகச் சொல்லி, என் பழைய ராடையே கழுவித் துடைத்து, அது கிராங்கில் சேரும் பெரிய முனையான பிக் எண்டில் கிரீஸை அடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எஞ்சின் 38 கிலோமீட்டர் ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை, பிடித்துக்கொண்டது. பழியும் என் மேலேயே விழுந்தது.

என்னுடையது சின்ன சரக்கு வண்டி. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், வெஸ்பா ஸ்கூட்டர் வழி வந்த எஞ்சின். 1946ல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்த பியாஜியோ, 1948ல் அதே யோசனையை நீட்டி ஆப்பே என்ற மூணு சக்கர வண்டியை இறக்கியது. இரண்டுக்கும் மூளை கொராடினோ டஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர். வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. அந்த வழியில் வந்த வண்டிகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. என் எஞ்சினுக்குப் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 57 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், அதுவும் 57 மி.மீ. கணக்குப் போட்டால் 145.45 சிசி, பேச்சுவழக்கில் 150.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல எஞ்சின் அமைவது கடினம் என்று இப்போதும் சொல்வேன். வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது. பொறுமையும் ஃபிளைவீல் புல்லரும் நல்ல ஸ்பானர் செட்டும் இருந்தால் ஒரு வார இறுதியில் மொத்தத்தையும் மேசை மேல் பரப்பிவிடலாம். ஆனால் இரண்டு வேலைகளை வீட்டில் செய்ய முடியாது. ஒன்று, சிலிண்டர் போரிங், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. இன்னொன்று, கிராங்க். இந்த வகை கிராங்க் ஒரே துண்டாக வார்த்தது கிடையாது. இரண்டு வட்டுகள், நடுவில் ஒரு பின், அதில் ஊசி பேரிங்கோடு கனெக்டிங் ராடு, எல்லாம் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தவை. ராடு மாற்ற வேண்டுமென்றால் பின்னைப் பிதுக்கி எடுத்து, புதியதை அழுத்தி, இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி தட்டித் தட்டி நேர்செய்ய வேண்டும். அதற்கு பிரஸ், சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ், கைப்பழக்கம் மூன்றும் வேண்டும். எனவே யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும்.

பிரித்தபோது செய்த ஒரே ஒரு காரியம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றக் கழற்ற போனில் படம் எடுத்து வைத்தேன். திரும்பப் பூட்டும்போது வரிசை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்த படங்கள்தான் அவை. அதில் ஒரு படத்தில் கனெக்டிங் ராடின் பக்கவாட்டில், பிஸ்டன் சேரும் துளையான மேல் கண்ணுக்குச் சற்றுக் கீழே, நெல்மணி அளவில் ஒரு பள்ளம் தெரிகிறது. எனக்கு முன்னால் கைவைத்த யாரோ சுத்தியலில் தவறி அடித்த தடம். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடை பெரியது, வரிசையாக லேத்துகள், சுவரில் மினுமினுக்கும் சிலிண்டர்கள். கிராங்கையும் சிலிண்டரையும் வைத்துப் பார்த்த உரிமையாளர், "ராடு கிட் புதுசு போட்டுடலாம் சார், போர் அடிச்சு ஓவர் சைஸ் பிஸ்டனும் நாங்களே தர்றோம், கவலையே படாதீங்க" என்றார். ஓவர் சைஸ் என்றால், பெரிதாக்கிய சிலிண்டருக்கேற்ற கொஞ்சம் பெரிய பிஸ்டன். முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார். கொடுத்தேன். ரசீதில் "எஞ்சின் வேலை" என்று ஒரே வரி எழுதியிருந்தது. என்ன போடுகிறார்கள், என்ன அளவு, எந்த பாகம் புதியது, ஒன்றும் இல்லை. கிராங்க் உட்காரும் இரண்டு பாதி உறையான கிராங்க் கேஸையும் கொண்டுவரச் சொன்னார்கள். ஏனோ கொண்டுபோகவில்லை, அதற்காக இன்றுவரை நிம்மதிப்படுகிறேன். இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்துத்தான் கடைசல் வேலை செய்திருப்பார்கள். அதில் ஒரு பாதி மாறிப்போனால் ஜோடி போய்விட்டது.

பத்து நாள் கழித்துப் போனேன். கிராங்க் புதிதுபோல் மின்னியது. பழைய ராடு எங்கே என்று கேட்டேன். "அது அன்னைக்கே ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார்கள். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தராத இடத்தில் புதிய பாகம் போட்டார்கள் என்பதற்கு என்ன சாட்சி?

சோதிக்காமல் வாங்கி வந்தேன் என்று நினைக்காதீர்கள். கையேட்டில் படித்தபடி ராடை உச்சியில் நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது இருக்க வேண்டியதுதான். மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. ஆடவில்லை. கெட்டியாக, கனமாக நின்றது. அந்தக் கனத்தை நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மெயின் பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டேன். கேஸைச் சூடாக்கி, பேரிங்கை அடிக்காமல் தானாக இறங்க வைத்தேன். பெட்ரோலில் 5 சதவீத ஆயில், அதாவது 20 லிட்டருக்கு 1 லிட்டர். பழைய எஞ்சினுக்குக் கையேடு சொன்ன அளவு அது. மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. ஆறு மாத உழைப்பு. நான்கு நாட்கள், தினமும் கொஞ்ச தூரம், பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினேன். ஐந்தாம் நாள் ஒரு லேசான ஏற்றத்தில் சத்தம் மாறியது. கிளட்ச்சைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது.

பட்டறைக்குப் போன் செய்தேன். உரிமையாளர் முழுதும் கேட்கக்கூட இல்லை. "நீங்க புதுசா கத்துக்கிறவர் சார். ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க. எங்க வேலையில தப்பே வராது." அவ்வளவுதான். எனக்கு வலித்தது பணத்தைவிட இந்தப் பேச்சுதான், ஏனென்றால் நான் அதை நம்பிவிட்டேன். இரண்டு வாரம் அந்த எஞ்சின் பக்கமே போகவில்லை. கலந்த அளவை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்பவரை ஏமாற்றுவது ஏன் சுலபம் என்று இப்போது தெரிகிறது. எந்தப் பழுதையும் அவர் கைமேல் போட்டுவிடலாம், அவரும் தலையாட்டிவிடுவார்.

நண்பர் ஒருவர், லேத் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் அழைத்துப்போனார். பிஸ்டனைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "ஆயில் இல்லாம பிடிச்சா பாவாடை சுத்தி முழுக்கக் கீறியிருக்கும் தம்பி. இதுல நாலே மூலைதான் கீறியிருக்கு பாரு" என்றார். பாவாடை என்று அவர் சொன்னது பிஸ்டனின் கீழ்ப்பகுதியை. பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் நுழையும் துளைகளுக்கு இரு பக்கமும், நான்கு இடங்களில் மட்டும், விரல்நகத்தால் பிறாண்டியதுபோல் கோடுகள். பிஸ்டன் சூடாகி விரியும்போது இடம் போதாமல் நான்கு மூலையிலும் சிலிண்டரில் உரசியதன் அடையாளம். அளந்து பார்த்தோம். பிஸ்டன் செய்தவர்கள் கேட்டிருந்த இடைவெளியில் பாதிகூட இல்லை. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து அதற்கேற்ப போர் அடிக்காமல், ஓவர் சைஸ் எண்ணைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். அச்சில் இருக்கும் எண் ஒன்று, பிஸ்டனின் உண்மை அளவு ஒன்று.

அடுத்து சிலிண்டருக்குள் என் ஆள்காட்டி விரலை விட்டு எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) விளிம்பைத் தடவச் சொன்னார். பிளேடு மாதிரி இருந்தது. போர் அடித்த பிறகு எல்லா போர்ட் விளிம்புகளையும் லேசாகச் சாய்த்து மழுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கு அந்த விளிம்பில் போய் இடிக்கும். என் பிஸ்டனின் மேல்பக்க ரிங்கின் ஒரு முனை சின்னதாக உடைந்தே போயிருந்தது. ஐந்து நிமிட வேலை, அதைக்கூடச் செய்யவில்லை.

கடைசியாக கிராங்க். நான் ராடைத் தூக்கிப் பார்த்து, "இது மட்டும் நல்லா இருக்குங்க ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி, பிக் எண்டை அதில் மூழ்கவைத்து, தூரிகையால் கழுவினார். பழுப்பாக, பிசின்போல் கிரீஸ் வந்துகொண்டே இருந்தது. 38 கிலோமீட்டரில் முழுதும் கரையாத அளவுக்கு அடைத்திருக்கிறார்கள். காற்றடித்து உலரவைத்து, ராடை என் கையில் கொடுத்தார். மேலே இழுத்தேன். டிக். கீழே அழுத்தினேன். டிக். தேய்ந்துபோன பேரிங்கின் இடைவெளியைக் கிரீஸ் நிரப்பியிருந்தது. நான் நல்ல பொருத்தம் என்று நினைத்த கனம் அதுதான். ராடைத் துடைத்துத் திருப்பியபோது, மேல் கண்ணுக்குச் சற்றுக் கீழே, அதே நெல்மணிப் பள்ளம். போனில் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றேதான். வட்டின் வெளிப்புறம் பின்னின் முனையிலும் பழைய துருப்புள்ளிகள் அப்படியே இருந்தன. பின்னைக் கழற்றவே இல்லை. வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கு கட்டைகளான இரண்டு வி பிளாக்கில் கிராங்கை வைத்து டயல் கேஜில் சுற்றினால் முள் 0.14 மி.மீ. ஆடியது. இந்த அளவு எஞ்சினுக்கு 0.03, மிஞ்சினால் 0.05க்குள் இருக்க வேண்டும் என்றார்.

படத்தையும் ராடையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலில் "இது எங்ககிட்ட வந்த கிராங்கே இல்லை" என்றார். படத்தில் பின்னணியில் என் வண்டியின் எஞ்சின் எண் தெரிந்தது. உடனே "பையன் தெரியாமப் பண்ணிட்டான்" என்று மாறினார். இலவசமாகத் திரும்பச் செய்து தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் நின்று பேசியதில் பிஸ்டனுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. "புது ராடு" என்று எழுத்தில் எங்கும் இல்லாததால் மற்றதற்கு என்னால் எதையும் காட்ட முடியவில்லை.

கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றையாவது செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் ராடின் பக்கவாட்டில் பெயிண்ட் புள்ளி வைக்காதீர்கள், கழுவினால் போய்விடும். ராடு, பின் முனை, வட்டு எல்லாவற்றையும் நெருக்கத்தில் படம் எடுங்கள், எஞ்சின் எண்ணும் அதே படத்தில் வரட்டும். கழற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லி, அதை ரசீதில் எழுத வையுங்கள். பிஸ்டனை நீங்களே வாங்கிக் கொடுத்து, இதற்கு அளந்து அடியுங்கள் என்று கேளுங்கள். வாங்கும்போது பிக் எண்டைப் பெட்ரோலில் கழுவி, உலரவிட்டு, அதற்குப் பிறகு இழுத்துப் பாருங்கள். கழுவ வேண்டாம் என்று யாராவது தடுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, முனை இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். பொதுவாக 0.2 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கும். போர்ட் விளிம்புக்கு உங்கள் விரலே போதும். டயல் கேஜ் உங்களிடம் இல்லாவிட்டால், உங்கள் கண்முன் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதைச் சந்தோஷமாகவே செய்வார். அந்தப் பெரியவர் நான் கேட்காமலேயே முள்ளைக் காட்டினார்.

புது ராடு கிட்டை அவர்தான் என் கண் எதிரிலேயே அழுத்தினார். பித்தளைச் சுத்தியலால் தட்டுவார், சுற்றுவார், முள்ளைப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். 0.02ல் வந்து நின்றது. எஞ்சின் இப்போது 210 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேற்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், வெளிர் பழுப்பு நிறம், சத்தமும் சீராக இருக்கிறது. ஆனால் அந்தக் கீறல்களை எடுக்க சிலிண்டரை இன்னும் இரண்டு சைஸ் பெரிதாக்க வேண்டியிருந்தது. இனி அதில் ஒரே ஒரு ஓவர் சைஸ்தான் மீதி இருக்கிறது.